நடுநிலை வகுப்புகளின் ஆசிரியர்: சென்னையில் தகுதிச் சான்றும் முதுகலைப் பட்டமும்

ஆய்வுச்சுருக்கம்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கற்பிப்பவர் யார், அவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற வினாவுக்குச் சென்னை மாகாணமும் அதன்பின் தமிழ்நாடும் காலந்தோறும் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கே ஆசிரியரின் படிநிலை, அவர் கற்பிக்கும் வகுப்பைக் கொண்டன்றி அவர் கற்ற படிப்பைக் கொண்டே பெயரிடப்பட்டது. அதனால் முதுகலைப் பட்டம் நடுநிலை வகுப்புக்குள் நுழையும் தகுதியாக அமையாமல், அங்கிருந்து வெளியேறும் வழியாக அமைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: நடுநிலைப் பள்ளி, இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி, தகுதித் தேர்வு, ஊக்க ஊதிய உயர்வு

முன்னுரை

சென்னை அசோக் நகருக்கும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்தான். இந்தியாவின் மிகப் பழைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுள் ஒன்றின் அண்டையிலேயே அசோக் நகர் குடியிருப்பு உருவானது. இங்குள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி போன்ற பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள், உயர்வகுப்புகளுக்குக் கீழ்ப்படியாக அமைந்திருக்கின்றன. நகரின் வேறு தெருக்களில் இதே வகுப்புகள் நடுநிலைப் பள்ளி என்ற பெயரில், தொடக்கப் பள்ளியின் மேற்படியாக அமைந்திருக்கின்றன. பாடநூலும் மாணவர் வயதும் இரண்டிடத்தும் ஒன்றே. ஆயினும் ஒன்று பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழும் மற்றொன்று தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழும் வளர்ந்தவை. ஆசிரியரின் தகுதியும் ஊதியமும் பதவி உயர்வும் நெடுங்காலம் வெவ்வேறாக இருந்தன.

இவ்விரட்டை நிலையின் வரலாற்றை ஆசிரியர்களுக்கு வழங்கும் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் என்ற மூவகையினர் உள்ளனர். இவற்றுள் முதற்பெயர் மயக்கம் தருவது. இடைநிலை ஆசிரியர் என்றால் இடைநிலை வகுப்புக்குக் கற்பிப்பவர் என்று புதியவர் எவரும் கொள்வர். உண்மையில் அவர் பெரும்பாலும் தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிப்பவர். 'செகண்டரி கிரேடு' என்ற ஆங்கில ஆட்சித்தொடரின் நேர்பெயர்ப்பு அது. இடைநிலைக் கல்வியை, அதாவது பள்ளியிறுதியை, முடித்துப் பயிற்சி பெற்றவர் என்பதே அதன் பொருள். பட்டதாரி என்பதும் முதுகலை என்பதும் அவ்வாறே ஆசிரியர் தாம் கற்ற படிப்பைச் சுட்டுகின்றன. மூன்று பெயர்களுள் ஒன்றேனும் எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையைச் சுட்டவில்லை.

வேப்பேரியிலிருந்து சைதாப்பேட்டைக்கு

ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1716இல் ஆசிரியர்களை உருவாக்கும் முயற்சியைத் தொடங்கினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவரைக் கொண்டு இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்தில் புகழ்பெற்ற அது, நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை வழக்கத்தின் உறவினது. ஆசிரியர் பற்றாக்குறைக்குத் தீர்வாக இங்கிருந்து சென்ற முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு இடமே குறைவு என்பது கருதத்தக்கது.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை, உதவித்தொகையுடன் கூடிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை ஒவ்வொரு மாகாணத்திலும் நிறுவப் பணித்தது. மறு ஆண்டில் அலெக்சாண்டர் அர்பத்நாட் சென்னையின் முதல் பொதுக்கல்வி இயக்குநரானார். 1856இல் வேப்பேரியில் அரசு நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. இதுவே 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சைதாப்பேட்டைக்கு மாறி ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1880களில் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்னும் ஆசிரியப் பட்டத்தை ஏற்படுத்தியதும் சைதாப்பேட்டையின் நோக்கு மாறியது. கலைப்பட்டம் பெற்றவர் மேற்கொண்டு பயிலும் இடமாயிற்று அது. எல்.டி. பின்னர் பி.டி. ஆகவும், அதன்பின் பி.எட். ஆகவும் பெயர் மாறியது. பட்டதாரி ஆசிரியரைப் 'பி.டி. அசிஸ்டெண்ட்' என்று இன்றும் வழங்குவது அந்தப் பழைய பட்டத்தின் எச்சம்.

முதுகலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முதன்முதலில் முரண்பட்டு நின்ற நிகழ்வுகளுள் ஒன்று சைதாப்பேட்டையில் நிகழ்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மெய்யியலில் எம்.ஏ. முடித்து 1909இல் மாநிலக் கல்லூரியில் பணியேற்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1910இல் எல்.டி. பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். உளவியல் வகுப்புகளில் கற்பவராக அமர வேண்டியவர், உடன் பயின்றோர்க்கு உரை நிகழ்த்துபவரானார். அவ்வுரைகளிலிருந்து உளவியல் அடிப்படைகள் பற்றிய அவரது சிறு நூல் 1912இல் வெளிவந்தது. 1962 முதல் அவர் பிறந்தநாளை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அவரும் கூட எம்.ஏ. பட்டம் மட்டும் கொண்டு அன்றைய கல்விப் பணியில் முழுத்தகுதி பெற்றவராகக் கருதப்படவில்லை. பொருளறிவு வேறு, கற்பிக்கும் தகுதி வேறு என்ற கோடு அன்றே இடப்பட்டிருந்தது.

மூன்றாம் பாரமும் எட்டாம் வகுப்பும்

அக்கோடு கல்லூரிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் தெளிவாக இருந்தது. நடுவகுப்புகளுக்கு மட்டும் குழம்பியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'மிடில் ஸ்கூல்' தேர்வு என்ற பொதுத்தேர்வு சென்னை மாகாணத்தில் நடைபெற்றது. கீழ்நிலை அரசுப் பணிக்கு அதுவே நுழைவாயில். தேர்வுக்கு இருந்த மதிப்பு, அதற்கு மாணவரை ஆயத்தம் செய்த ஆசிரியருக்குத் தனித்தகுதியாக மாறவில்லை.

குழப்பத்தின் வேர் பள்ளி அமைப்பில் உள்ளது. ஆங்கில வழி உயர்நிலைப் பள்ளிகளில் முதற்பாரம் முதல் ஆறாம் பாரம் வரை வகுப்புகள் எண்ணப்பட்டன. முதல் மூன்று பாரங்கள் இன்றைய ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள். இணையாக ஊர்ப்புறங்களில் உயர்தொடக்கப் பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை தமிழில் நடந்து ஈ.எஸ்.எல்.சி. தேர்வோடு முடிந்தன. முதல்வகைப் பள்ளியில் இவ்வகுப்புகள் ஒரு பயணத்தின் தொடக்கம். இரண்டாம் வகைப் பள்ளியில் படிப்பின் முடிவு. இரண்டாம் பாரத்தில் இருந்த பையன் பட்டதாரியிடம் பாடம் கேட்கக்கூடும். ஏழாம் வகுப்பில் இருந்த பையன், பள்ளியிறுதியோ எட்டாம் வகுப்போ முடித்துப் பயிற்சி பெற்ற ஒருவரிடமே பெரும்பாலும் கேட்பான். இருவருக்கும் வயது பன்னிரண்டு. இந்த வேற்றுமையைச் சாதி, ஊர், வருவாய் ஆகியவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. பாரம் உள்ள பள்ளி எங்கே இருந்தது, அங்கே யார் சேர்ந்தனர் என்பதை நோக்கினாலே இது விளங்கும்.

விலக்காக ஒரு நிறுவனத்தைச் சுட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் முதல் இந்துக் கைம்பெண் பட்டதாரியான சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, இளங்கைம்பெண்களுக்கான சாரதா இல்லத்தை நடத்தியவர். 1922இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் அருகே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி அவர் பொறுப்பில் தொடங்கியபோது அங்கே மூன்று தனிப்பயிற்சிகள் இருந்தன. உயர்நிலைப் பள்ளிக்காகப் பட்டதாரிகளுக்கு ஒன்று. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு ஒன்று. தொடக்க வகுப்பு ஆசிரியர்க்கு ஒன்று. பயிற்சியைக் கற்பிக்கப்படும் வகுப்பைக் கொண்டு பகுத்த அரிய முயற்சி அது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் முடங்கியிருந்த இளங்கைம்பெண்களுக்கு நடுநிலைச் சான்று உணவும் உறையுளும் தன்மதிப்பும் ஆயிற்று. உயர்கல்வி எட்டாத பெண்ணுக்கு எட்டத்தக்க உயரத்தில் வைக்கப்பட்ட படி என்றே அதனை மதிப்பிட வேண்டும். அப்படியை அங்கேயே நிலைநிறுத்தி, அதற்குரிய மதிப்பை உயர்த்தியிருந்தால் நடுநிலை ஆசிரியர் என்ற தனிவகை உருவாகியிருக்கக்கூடும்.

1952–53இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மூன்றாண்டு நடுநிலைக் கட்டம் என ஒன்றைப் பெயர் சொல்லி வகுத்தது. ஆனால் பயிற்சி நிறுவனங்களைப் பற்றிக் கூறும்போது பள்ளியிறுதி முடித்தோர்க்கு ஒருவகை, பட்டதாரிகளுக்கு ஒருவகை என இரண்டையே பரிந்துரைத்தது. கட்டம் மூன்றாக, ஆசிரியர் வகை இரண்டாகவே நின்றது. எம்.எட். பற்றியும் அக்குழு ஒரு கருத்தை முன்வைத்தது. மும்பைப் பல்கலைக்கழகம் 1936இல் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கிய அம்முதுகலைப் படிப்புக்கு, பயிற்சி பெற்ற பட்டதாரிகளை மூன்றாண்டேனும் வகுப்பறையில் கற்பித்த பிறகே சேர்க்கலாம் என்பது அக்கருத்து. முதுகலையை நுழைவுத் தகுதியாகக் காணாமல், வகுப்பறைப் பட்டறிவின் மேல் எழும் ஆய்வாகக் கண்ட பார்வை இது. நடைமுறையில் இது நிலைக்கவில்லை, பி.எட். முடித்த கையோடு எம்.எட். சேர்வது வழக்கமாகிவிட்டது.

தமிழாசிரியரின் தனிவழி

இப்பொது வரலாற்றுக்குள் அடங்காத ஒருவர் தமிழாசிரியர். அவர் தகுதி பல்கலைக்கழகத்தின் கலைப்பட்டத்திலிருந்து பிறக்கவில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்ற தேர்வுகளை நடத்தியது. பல்கலைக்கழகத்தின் வித்துவான், புலவர் பட்டங்கள் பின்னர் வந்தன. அவற்றோடு தமிழ்ப் பண்டிதர் பயிற்சி பெற்றவரே பள்ளித் தமிழாசிரியர். இலக்கணக் கடலில் நீந்தியவர், ஊதியப் பட்டியலில் பிற பட்டதாரிகளுக்குக் கீழே நெடுங்காலம் வைக்கப்பட்டார். புலமையின் அளவும் சான்றின் மதிப்பும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ்த்துறையினர் வேறு சான்று தேட வேண்டியதில்லை.

மு. வரதராசனாரின் வாழ்க்கை இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. 1935இல் வித்துவான் தேர்வில் மாநில முதல்வராகத் தேறிய அவர், திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அங்கிருந்தே பயின்று 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். அவ்வாண்டே பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் முனைவர் பட்டம் என அவர் பயணம் தொடர்ந்து, இறுதியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியில் நிறைந்தது. பள்ளிப் பணியில் இருந்துகொண்டே தனியாகப் படித்துத் தேறுவதும், தேறியதும் பள்ளியை விட்டு நீங்குவதும் அவர் தலைமுறைத் தமிழாசிரியர் பலரின் பாதை. தமிழாய்வு அதனால் பெற்ற பேறு பெரிது. பள்ளி இழந்தது எவ்வளவு என்பதை நம் இலக்கிய வரலாறுகள் கணக்கிடுவதில்லை.

ஊக்க ஊதியமும் மேல்நிலைப் பள்ளியும்

முதுகலைப் பட்டத்தைப் பள்ளிக்குள்ளேயே தக்கவைக்கும் முயற்சி 1969இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு சனவரியில் வெளியான கல்வித்துறை அரசாணை, பணியில் இருந்துகொண்டே உயர்கல்வித் தகுதி பெறும் ஆசிரியர்க்கு ஊக்க ஊதிய உயர்வு வழங்கியது. பட்டதாரி ஆசிரியர் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்தால் ஓர் ஊக்கம், எம்.எட். போன்ற மேல்தகுதிக்கு இன்னோர் ஊக்கம். ஆறாம் வகுப்பை விட்டு விலகாமலே படிப்பின் பயனை அடையலாம் என்ற ஏற்பாடு அது. நடுநிலை வகுப்பாசிரியரின் முதுகலைப் பட்டத்தை மதித்த ஒரே ஏற்பாடு அதுவே என்பது என் கணிப்பு.

அஞ்சல்வழிக் கல்வி இதற்குக் கைகொடுத்தது. 1970களில் மதுரைப் பல்கலைக்கழகமும், அடுத்து அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களும் அஞ்சல்வழிப் படிப்புகளைத் தொடங்கின. 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஆசிரியர் கல்லூரி அமைந்த அதே சைதாப்பேட்டை அண்ணா சாலையில் அமைந்தது. மே மாதக் கோடை விடுமுறையில் நேர்முக வகுப்புக்குச் செல்லும் ஆசிரியரும், வினாத்தாள் திருத்தும் நேரம்போகத் தம் தேர்வுக்குப் படிக்கும் ஆசிரியையும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் கண்ட காட்சி.

ஆயினும் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது காற்று வேறு திசையில் வீசியது. கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பின் இடத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிகளுக்குள் வந்தன. அவற்றுக்கு முதுகலை ஆசிரியர் என்ற பதவி உருவானது. அன்றுமுதல் எம்.ஏ., பி.எட். என்பது பதவியின் பெயராகவே மாறிற்று. அத்தகுதியோடு ஏழாம் வகுப்பில் நிற்பவர், தமக்குரிய இடத்தை இன்னும் அடையாதவராகத் தோன்றத் தொடங்கினார். பட்டம் உயர உயர மாணவரின் வயதும் உயர வேண்டும் என்ற எழுதப்படாத விதி அப்போது உறுதிப்பட்டது.

நடுநிலைப் பள்ளியின் நிலையோ மெல்லவே மாறியது. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான், அங்கே ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பட்டதாரி ஆசிரியரை அமர்த்தும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. முதற்பாரத்துப் பையனுக்கும் ஆறாம் வகுப்புப் பையனுக்கும் இருந்த பழைய வேற்றுமை சட்ட அளவில் அப்போது குறைந்தது.

வேறு நாடுகள் இதே சிக்கலை வேறுவகையில் தீர்த்தன. பின்லாந்து 1970களின் இறுதியிலேயே பள்ளி ஆசிரியர் கல்வியை முதுகலை நிலைக்கு உயர்த்தியது. ஏழு வயதுக் குழந்தையின் ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது அங்கு விதி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஐந்து முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கெனத் தனிச்சான்று உண்டு. தொடக்கச் சான்றோடு பணியேற்பவர், நிலையான சான்றுக்கு உரிய காலத்துக்குள் முதுகலைப் பட்டம் பெற வேண்டும். அங்கே பட்டம் ஆசிரியரை அதே வகுப்பில் நிலைநிறுத்துகிறது. ஊதியமும் பல்கலைக்கழக அமைப்பும் வேறாக உள்ள நாடுகளை அப்படியே நம்மோடு ஒப்பிடல் ஆகாது. எனினும் பட்டத்தின் உயரத்துக்கும் மாணவரின் வயதுக்கும் இயற்கையான தொடர்பு எதுவுமில்லை என்பதைக் காட்ட இவை போதும்.

2012ஆம் ஆண்டின் தேர்வு

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டு 23இல் ஆசிரியர்க்குரிய குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. ஒன்று முதல் ஐந்து வரை ஒரு தகுதி; ஆறு முதல் எட்டு வரை வேறொரு தகுதி. இரண்டுக்கும் தகுதித் தேர்வில் தனித்தனித் தாள். பெயர்களைப் பற்றி முன்னர்க் கூறியதை இங்கே நினைவுகூர வேண்டும். ஆசிரியர் எதைப் படித்தார் என்பதை விட்டு, யாருக்குக் கற்பிக்கிறார் என்பதைக் கொண்டு சட்டவலிமையுடன் நாடு முழுதும் வகைப்படுத்திய ஏற்பாடு இது. லேடி வெலிங்டன் கல்லூரியின் 1922ஆம் ஆண்டு நடுப்படி, 90 ஆண்டுகள் கழித்துத் தேர்வுத்தாளாகத் திரும்பியது எனலாம்.

தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் முதல் தேர்வை 2012 சூலை 12இல் நடத்தியது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் 2,448 பேர். நடுநிலை வகுப்புகளுக்குரிய இரண்டாம் தாளில் தேறியவர் 713 பேர் மட்டுமே. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரமே தரப்பட்டிருந்தது. கண்டனம் எழவே, அக்டோபரில் மூன்று மணி நேரத்துடன் மறுதேர்வு நடைபெற்றது. தேறியோர் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. ஒரே ஆசிரியர் கூட்டம் மூன்று மாத இடைவெளியில் பன்மடங்கு தகுதி பெற்றுவிட்டதென்று யாரும் கொள்ளார். முதல் தேர்வு அளந்தது தகுதியையா விரைவையா என்ற ஐயம் இன்றும் ஆய்வுக்குரியது.

தாளின் அமைப்பும் நம் துறையினர் கவனிக்க வேண்டியது. இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. எஞ்சிய 60 கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். தமிழில் முதுகலையும் பி.எட். பட்டமும் பெற்று ஆறாம் வகுப்புத் தமிழாசிரியராக விரும்புபவருக்கு அவர் பாடம் அளிப்பது ஐந்தில் ஒரு பங்கு. 60 மதிப்பெண்ணை அவர் வரலாறு, புவியியலிலோ கணிதத்திலோ தேடியாக வேண்டும். தேறிய பின்னும் அவர் முதுகலைக்கு மதிப்பு கிடைக்கவில்லை. பட்டதாரி ஆசிரியர் பணிக்கு அரசு வகுத்த வெயிட்டேஜ் முறையில் தகுதித் தேர்வுக்கு 60, பன்னிரண்டாம் வகுப்புக்கு 10, இளங்கலைப் பட்டத்துக்கு 15, பி.எட். பட்டத்துக்கு 15 என நூறும் பங்கிடப்பட்டது. எம்.ஏ.வுக்கு இடமே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண் வாரி வழங்கப்படாத காலத்தில் படித்த மூத்தோர்க்கு இம்முறை இழைத்த தீங்கைப் பற்றி வழக்குகள் பல எழுந்தன. 2018இல் தனிப் போட்டித் தேர்வு முறை அறிவிக்கப்பட்டு வெயிட்டேஜ் விலகியது. அந்தப் பத்தாண்டில் தேறிச் சான்று வைத்திருந்தும் பணி பெறாதவர் பலர். சான்று ஏழாண்டே செல்லும் என்றிருந்த விதி, 2021இல்தான் வாழ்நாள் முழுதும் செல்லும் என மாறியது.

பணியில் இருந்தோர்க்கும் இக்காலம் இழப்பைத் தந்தது. 1969 முதல் வழங்கிவந்த ஊக்க ஊதிய உயர்வு முறையை 2020 மார்ச்சில் வெளியான அரசாணை முடித்துவைத்தது. அடுத்த ஆண்டு ஒருமுறை வழங்கும் தொகை அதனிடத்தில் அறிவிக்கப்பட்டது. 2023 சூனில் சென்னை உயர் நீதிமன்றம், இடைநிலை ஆசிரியர் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெறவும் தகுதித் தேர்வு வேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

இவ்வரிசையின் அண்மை நிகழ்வு 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. 2010 அறிவிக்கைக்கு முன் பணியேற்றோர்க்குத் தகுதித் தேர்விலிருந்து விலக்கு உண்டு என்றே அதுவரை கருதப்பட்டது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள எல்லாரும் இரண்டாண்டுக்குள் தேர்வில் தேற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தொடரலாம், பதவி உயர்வு வேண்டின் அவர்களும் தேற வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் பற்றிய வினா மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தமிழ்நாடு அரசு மறுஆய்வு கோரியது. குழந்தையின் உரிமையிலிருந்து பார்த்தால் தீர்ப்பின் தருக்கம் நேரானது: 2009இல் கற்பித்தவரின் மாணவருக்கும் 2012இல் வந்தவரின் மாணவருக்கும் ஒரே உரிமை. ஆசிரியரின் பக்கத்திலிருந்து பார்த்தால், பணியேற்ற நாளில் அரசு கேட்ட தகுதி அனைத்தும் அவரிடம் இருந்தது. அதற்குப் பின் ஊக்க ஊதியத்தை முன்வைத்து அரசே ஊக்குவித்த எம்.ஏ.வையும் எம்.எட்.டையும் கோடை விடுமுறைகளைச் செலவிட்டு அவர் சேர்த்தார். அந்த இரு பட்டங்களில் ஒன்றும் இரண்டாம் தாளுக்கு ஈடாகாது. 2000களின் நடுவில் நடுநிலைப் பள்ளியில் அமர்த்தப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், 2027க்குள் மூன்று மணி நேரத் தாளில் அமர வேண்டும். அதில் அவர் இருபதாண்டு கற்பித்த பாடத்துக்கு 30 மதிப்பெண். கற்பிக்காத பாடத்துக்கு 60.